நடுக்களத்தைத் தூக்கிக் கொடுத்த மனிதர்

ஆபான் மாதம் 9, வியாழன்

பாரானுக்கு மேல்வரிசையில் இன்னொரு பல் வருகிறது. காலையிலிருந்து என் சாவிக்கொத்து, என் தோள், தன் அப்பாவின் கால்பந்துப் பயிற்சிக் காலணி என்று எல்லாவற்றையும் கடித்துப் பார்த்துவிட்டாள். காலணியைப் பிடுங்கிக் கழுவினேன். அவள் வாயையும் கழுவினேன். பிறகு புல்தரைக்கு என்னென்ன மருந்து அடிப்பார்கள் என்று கைபேசியில் தேடிப் படித்தேன். படித்திருக்கவே கூடாது. வேதியியல் படித்தவளுக்கு இது ஒரு சாபம். பெயர் தெரியாதவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

சாயங்காலம் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினோம். லிஃப்ட் வாசலில் மூன்றாம் மாடிப் பொறியாளர் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க முதல்ல போங்க" என்றார், பாரானைத் தூக்கி வைத்திருந்த என் கணவர் பெஹ்ரங்.

"ஐயோ, நீங்க இருக்கும்போது நானா? கையில குழந்தை வேற இருக்கு."

"குழந்தை உங்க வீட்டுக் குழந்தைதானே? நீங்க போங்க."

"சத்தியமா முடியாது."

கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் காலியாக மேலே போயிற்று. இருவரும் சிரித்துவிட்டு, அது திரும்பி வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நான் தக்காளிப் பையோடு படியேறி, வீட்டைத் திறந்து, அரிசியைக் களைந்து போட்ட பிறகு என் கணவர் வந்து சேர்ந்தார்.

தாரோஃப் என்கிற இந்த உபசாரம் எங்கள் நாடு முழுக்க உண்டு. 'எல்லாம் உங்களுடையது' என்று ஒருவர் சொல்ல வேண்டும். மற்றவர் இரண்டு தடவையாவது மறுக்க வேண்டும். அப்படி மறுப்பதால்தான் எங்கள் வீடுகளில் இன்னும் சாமான்கள் மிச்சம் இருக்கின்றன. எங்கள் ஆபாதானில் உபசாரத்துக்குச் சமமாகப் பெருமையும் அடித்துக்கொள்வோம், கணக்கு நேராகிவிடும். இவர் யஸ்து நகரத்துக்காரர். அங்கே பெருமை விளைவதில்லை.

நாளை ஆட்டம். அடுப்பை மூன்று தடவை பார்த்துவிட்டேன், அணைந்துதான் இருக்கிறது.

ஆபான் 10, வெள்ளி

ஆட்டத்தைப் பார்க்க கோல்நார் அக்காவின் அழகு நிலையத்துக்குப் போனேன். மைதானத்துக்குள் பெண்களை விடுவதில்லை. ஆனால் அக்கா கடையின் மொட்டை மாடியிலிருந்து மைதானத்தின் கிழக்குப் பாதி தெரியும். மேற்குப் பாதியைத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. அதனால் பெஹ்ரங்கைப் பாதி நேரம் நேரிலும் பாதி நேரம் அக்கா மேலே இழுத்து வைத்திருக்கும் டிவியிலும் பார்ப்பேன். டிவியில் படம் கொஞ்சம் தாமதம். மைதானத்துச் சத்தம் முதலில் வந்துவிடும். அது எதற்கு என்பது பிறகுதான் தெரியும். அந்த இடைவெளியில் என் உயிர் போய்த் திரும்புகிறது.

இரண்டாம் பாதியில் கோல் வலைக்கு எதிரே இவர் தனியாக நின்றார். காலில் பந்து. எதிரே கோல்கீப்பர் விழுந்து கிடக்கிறார். இவர் என்ன செய்தார்? தலையைத் தூக்கி, யாராவது வருகிறார்களா என்று பார்த்து, ஓடி வந்த இளைஞன் ஜாசிமுக்குத் தள்ளிக் கொடுத்தார். அவன் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் "ஏன் அடிக்கல?" என்று கத்தினாள்.

"வலைகிட்ட 'நீங்க முதல்ல'ன்னு சொல்லிட்டிருக்காரு, பொறு" என்றாள் அக்கா.

மாடி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். என்ன செய்ய? இவர் பதினாறு வயதில் யஸ்தில் மணல் தரையில் ஆட ஆரம்பித்தவர். ஐந்து ஊர் அணிகளுக்கு ஆடிவிட்டார். தேசிய அணி முகாமுக்கு ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள். கடைசி நாள் ஆட்டத்தில் இன்னொருவனுக்கு மூன்று கோல் அடிக்கக் கொடுத்து, அவனைத் தேர்வாக்கிவிட்டு, யஸ்து இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். இப்போது வயது முப்பத்துமூன்று. வசந்தம் முடியும்போது இங்கே ஒப்பந்தமும் முடிகிறது.

ஆபான் 16, வியாழன்

புது கோச் வந்துவிட்டார். குரோஷியாக்காரர், பெயர் ம்லாடன். முகத்துக்கு நேரே பேசுபவராம். முதல் நாளே கிளப் தலைவரிடம், "உங்கள் புல் மோசம், உங்கள் தேநீர் நன்றாக இருக்கிறது" என்றாராம். மொழிபெயர்ப்பாளன் ஃபர்ஜாத் இரண்டாவதை மட்டும் சொல்லியிருக்கிறான். வந்த வேகத்தில் கோச்சின் வேலை போயிருக்கும், பிழைத்தார்.

"எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"நல்ல மனுஷன்" என்றார் பெஹ்ரங். இவருக்குக் கெட்ட மனுஷர் யாரையும் இதுவரை தெரியாது.

ஆபான் 23, வியாழன்

கோச்சும் ஃபர்ஜாதும் விருந்துக்கு வந்தார்கள். புளி விட்ட மீன் குழம்பு வைத்தேன். வெந்தயக்கீரை சற்றுக் கூடிவிட்டதோ என்று பயந்துகொண்டே பரிமாறினேன். அவர் மூன்று தட்டு சாப்பிட்டார். ஒருமுறைகூட 'போதும்' என்று மறுக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாப்பிட்ட பிறகு, எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா கொடுத்த தாயப் பலகையைப் பார்த்தார். ஷீராஸ் வேலைப்பாடு, ஓரமெல்லாம் எலும்பும் பித்தளையும் இழைத்தது. தடவித் தடவிப் பார்த்தார்.

பெஹ்ரங் நெஞ்சில் கை வைத்து, "உங்களுக்கே ஆகட்டும்" என்றார்.

ஃபர்ஜாத் மொழிபெயர்த்தான். கோச் நிமிர்ந்தார். நிஜமாகவா என்று கேட்டார்.

"உங்க கண்ணுக்குப் பிடிச்சது எங்களுக்கு எதுக்கு?" என்றார் பெஹ்ரங்.

கோச் எழுந்தார். இவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

கதவை மூடிவிட்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அவர் வேண்டாம்னு சொல்லியிருக்கணும்" என்றார் பெஹ்ரங், மெதுவாக.

ஆபான் 24, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன். "நல்ல வேளை, பாரான் அழகா இருக்கான்னு அந்த மனுஷன் சொல்லல" என்றாள்.

"சொன்னாரு. உடனே குழந்தையைத் தூக்கிட்டு உள்ள போயிட்டேன்."

அப்பா தொலைபேசியில், அடுத்த வாரம் வருகிறேன், அந்தத் தாயப் பலகையில் ஒரு ஆட்டம் போடலாம் என்கிறார். எனக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

ஆசர் 1, வெள்ளி

இன்றைய ஆட்டத்தில் முதல் பதினொருவரில் இவர் பெயர் இல்லை. இவர் இடத்தில், நடுக்களத்தில், ஜாசிம்.

டிவி இவரைப் பெஞ்சில் காட்டியது. சிரித்த முகம். பக்கத்தில் இருப்பவருக்குத் தர்பூசணி விதை நீட்டுகிறார்.

வீட்டுக்கு வந்ததும் முழங்காலா என்றேன். இல்லை என்றார். முதுகா? இல்லை. இதயப் பரிசோதனையில் ஏதாவது கண்டுபிடித்து என்னிடம் மறைக்கிறார்களா?

"கோச்சோட முடிவு" என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். இதயம் சரியில்லாதவர் அவ்வளவு சாப்பிட மாட்டார். இருந்தாலும் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.

ஆசர் 8, வெள்ளி

மறுபடியும் பெஞ்ச். ஜாசிம் நன்றாக ஆடுகிறான். அதைப் பெஹ்ரங்கே என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார், நான் கேட்காமலே.

ஆசர் 15, வெள்ளி

பெஞ்ச். பாரானுக்குச் சளி. ஊரெல்லாம் புழுதிக் காற்று. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைத்தேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். முப்பத்துமூன்று வயது நடுக்கள ஆட்டக்காரர் குளிர்காலம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அடுத்த வருஷம் எந்த ஊரிலிருந்தும் தொலைபேசி வராது. அத்துடன் முடிந்தது. பதினேழு வருஷம் ஆடியவர் விதை கொறித்தபடி விடைபெறுவார், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இவருக்கு அது தெரியாதா? ராத்திரி தூக்கத்தில் காலை உதைக்கிறார். பந்து இல்லாத கால். சிரிப்பெல்லாம் பகலில் மட்டும்தான்.

தேய் 1, ஞாயிறு

நேற்று நீண்ட இரவுப் பண்டிகை. கிளப் விருந்து. மாதுளையும் தர்பூசணியும் மலைபோல் குவித்திருந்தார்கள். கோச் நேராக என்னிடம் வந்தார், பின்னால் ஃபர்ஜாத்.

கோச் நிறைய நேரம் பேசினார். கண் கலங்கியிருந்தது. ஃபர்ஜாத் தரையைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தான்: "உங்க கணவர் மாதிரி பெருந்தன்மையான மனுஷனை அவர் பார்த்ததே இல்லையாம். ஆட்டக்காரனுங்க இடத்துக்காக அடிச்சுக்குவாங்களாம். இவரு தன் இடத்தைத் தானே எடுத்து ஒரு பையனுக்குக் கொடுத்துட்டாராம்."

"கொடுத்துட்டாரா?" என்றேன்.

கோச் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தோம். பாரானைப் படுக்க வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"ஒண்ணும் பெருசா இல்ல. ஜாசிம் எப்படின்னு கேட்டாரு. என்னைவிட நல்லா ஆடுறான், என் இடம் அவனுக்கே ஆகட்டும்னேன்."

"ஏன்?"

"அந்தப் பையன் பக்கத்துலயே நிக்கிறான் நஸ்தரன்! பின்ன என்ன சொல்றது? 'இது என் இடம்'னா?"

"ஆமா! அதையேதான்!"

இவருக்கு முகம் சிவந்துவிட்டது, நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி.

"அவன் மறுத்தான்" என்றார். "'ஐயோ அண்ணே, நான் எங்க நீங்க எங்க'ன்னு சொன்னான். ஒழுங்கான பையன்."

"அப்புறம்?"

"நான் வற்புறுத்தினேன்."

தலையணையை எடுத்து எறிந்தேன். பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். அதையும் பாஸ் பண்ணுகிறார்! வேறு எவன் வீட்டிலாவது இது நடக்குமா? தாயப் பலகை போனதைப் பார்த்த மனுஷன்தானே? பார்த்துமா?

நாளைக்கே போய் விளக்கிச் சொல்லுங்கள் என்றேன்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா?" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கால் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது.

தேய் 3, செவ்வாய்

ஃபர்ஜாதைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"நீ ஏண்டா அதை அப்படியே சொன்னே?"

"அக்கா, வார்த்தைக்கு வார்த்தை சொல்றதுதான் என் வேலை."

"புல் மோசம்னு சொன்னதை மட்டும் விட்டுட்டியே?"

"அது உண்மை அக்கா. உண்மையைத்தான் பார்த்துச் சொல்லணும். உபசாரத்தை அப்படியே சொன்னா என்ன ஆகிடும்னு நினைச்சேன்."

தேய் 9, திங்கள்

நானே கோச்சிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நான் ஆபாதான்காரி. எனக்கென்ன பயம்? வாக்கியத்தைக்கூடத் தயார் செய்தேன்: என் கணவர் ஆட விரும்புகிறார். ஐந்து வார்த்தைகூட வேண்டாம், நான்கே போதும். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு பயிற்சி மைதான வாசலில் போய் நின்றேன்.

கோச் வெளியே வந்தார். கூடவே ஃபர்ஜாத்.

"எப்படி இருக்கீங்க? எதுவும் பிரச்சனையா?" என்று கேட்கச் சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அந்த வாக்கியம்தான் நாக்கில் இருந்தது.

"பிரச்சனையா? உங்க புண்ணியத்துல எல்லாம் நல்லா இருக்கோம். உங்க நிழல் எங்க மேல எப்பவும் இருக்கணும். ஒருநாள் மறுபடி சாப்பிட வாங்க, வீடு உங்க வீடு."

ஃபர்ஜாத் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் மொழிபெயர்த்தான். கோச் எந்த நாள் என்று கேட்டார்.

அக்கா இதைக் கேட்டுவிட்டு, வாடிக்கையாளர் தலையில் பாதி சுருளோடு காத்திருக்க, நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வீடு உங்க வீடுன்னு அவன்கிட்டயே சொன்னியா? போடி, சீக்கிரம் போய் சாமானெல்லாம் கட்டு!"

தேய் 13, வெள்ளி

விருந்து நடந்தது. முன்கூட்டியே தேநீர் கொதிக்கவைக்கும் சமோவர், சுவர்க்கடிகாரம், சின்னக் கம்பளம் எல்லாவற்றையும் படுக்கையறையில் பூட்டினேன். கோச் மொட்டைச் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிளப் எங்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கிறதா என்று ஃபர்ஜாதிடம் விசாரித்தாராம்.

பெஹ்ரங் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மீனை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். நானும்தான்.

தேய் 20, வெள்ளி

இன்று நடுக்களத்தில் ஜாசிமும் இல்லை! ஹூமன் என்று தெஹ்ரானிலிருந்து வந்த ஒருவன். பந்து வந்தால் யாருக்கும் கொடுப்பதில்லை. இரண்டு கோலில் தோற்றோம்.

டிவியில் பெஞ்சைக் காட்டினார்கள். பெஹ்ரங்கும் ஜாசிமும் பக்கத்தில் பக்கத்தில். விதைப் பொட்டலத்தை இவர் அவனுக்கு நீட்ட, அவன் இவருக்குத் தள்ள, கடைசியில் அது கீழே கொட்டிவிட்டது.

தேய் 21, சனி

ஜாசிம் வந்தான். கையில் பேரீச்சம்பழப் பெட்டி. அவனுக்கு இருபது வயதுகூட முழுதாக ஆகவில்லை. கரூன் நதிக்கு அந்தப் பக்கத்துப் பையன், எட்டுப் பேர் உள்ள வீடு.

"என்னடா ஆச்சு?" என்றார் பெஹ்ரங்.

"கோச் என்னைக் கூப்பிட்டு நல்லா ஆடுறேன்னு சொன்னாரு அண்ணே. 'அது பெஹ்ரங் அண்ணனோட இடம், எனக்குத் தகுதி கிடையாது'ன்னேன். ஒவ்வொரு வாரமும் சொல்றேன். நேத்து அவரு, உனக்கு ஆட விருப்பம் இல்லையா, பயமான்னு கேட்டுட்டு, யாருக்கு ஆடணும்னு கத்தினாரு. ஹூமன் கையைத் தூக்கிட்டான்."

"தூக்கிட்டானா? எல்லார் முன்னாடியுமா?" பெஹ்ரங்குக்கு அதிர்ச்சி.

"வெக்கமே இல்லாம அண்ணே."

இருவரும் தலையாட்டினார்கள். பிறகு என் கண்ணெதிரே, என் சோபாவில், மறுபடி ஆரம்பித்தார்கள்.

"அது உன் இடம்தான் ஜாசிம்."

"உங்க காலடி மண்ணுக்கு நான் ஈடாவேனா அண்ணே?"

"நீ இல்லாம நான் இறங்க மாட்டேன்."

"நீங்க இல்லாத களம் எனக்கு எதுக்கு?"

பாரான் தவழ்ந்து வந்து பேரீச்சம்பழப் பெட்டியை இழுத்தாள். ஜாசிம் எடுத்து வைக்கப் பார்த்தான். அவள் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, "என்து!" என்று கத்தினாள். இந்த வாரம் கற்றுக்கொண்ட சொல். பகிர்ந்து கொடுக்காத பிள்ளையாக வளர்கிறாளோ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்த வீட்டுல நடுக்களம் ஆடத் தகுதி உள்ளது இவ ஒருத்திதான்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஜாசிம், உனக்கு ஆடணுமா?"

அவன் பெஹ்ரங்கைப் பார்த்தான்.

"அவரைப் பாக்காதே. என்னைப் பாரு. ஆடணுமா?"

"ஆடணும் அண்ணி" என்றான். அழுதுவிட்டான்.

"உங்களுக்கு?"

பெஹ்ரங் குழந்தை கையில் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாசிம் போன பிறகுதான் சொன்னார். "எனக்கும் ஆடணும் நஸ்தரன். ரொம்ப ஆடணும். சாப்பாடு இறங்கல."

இரண்டு தட்டு சாப்பிடுகிறாரே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பஹ்மன் 5, சனி

கண்ணாடி முன்னால் ஒத்திகை. நான்தான் கோச்.

"சொல்லுங்க."

"வந்து, உங்களுக்குச் சிரமம் இல்லன்னா..."

"இல்ல. மறுபடி."

"நீங்க என்ன முடிவு பண்ணாலும் எனக்குச் சம்மதம், ஆனாலும்..."

"மறுபடி!"

"நான் ஆடணும்" என்றார். சொல்லிவிட்டு, கண்ணாடியிடம் மன்னிப்புக் கேட்டார்.

பஹ்மன் 8, செவ்வாய்

போய்ச் சொல்லிவிட்டார்!

"என்ன சொன்னீங்க?"

"நான் ஆடணும்னு."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு முன்னாடி கொஞ்சம் நலம் விசாரிச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி இருக்கும்."

ஃபர்ஜாத் பிறகு விவரம் சொன்னான். கோச்சின் அம்மா, அப்பா, அவர் ஊர் மழை, அவர் நாய் வரை விசாரித்தாராம். கோச், இவர் யாரோ இறந்த சேதி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாராம். அப்போதுதான் இவர் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஃபர்ஜாத் தாரோஃப் என்றால் என்ன என்று முதல் தடவையாக அந்த மனிதருக்கு விளக்கியிருக்கிறான். கோச் நாற்காலியில் சாய்ந்துகொண்டாராம். இந்த ஊரில் இதுவரை தனக்குச் சொல்லப்பட்டதில் எதெல்லாம் உண்மை என்று கேட்டாராம்.

"தேநீர் நல்லா இருக்குன்னது உண்மைன்னேன் அக்கா. அதைச் சொன்னது அவரேதான்."

சாயங்காலம் தாயப் பலகையை ஃபர்ஜாத் கொண்டுவந்தான். பெஹ்ரங் வாசலிலேயே, "ஐயோ, எதுக்கு? அவரே வச்சிருக்கட்டுமே" என்று ஆரம்பிக்க, நான் நடுவில் புகுந்து பிடுங்கிக்கொண்டேன்.

ஆனால் கோச் கடைசியாகச் சொன்னதை இவர் என்னிடம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொன்னார். "இடம் இப்போ உன்னுதில்ல, மறுபடி ஜாசிமுக்குத்தான். பையன் உன்னைவிட வேகமா ஓடுறான். வேணும்னா அவன்கிட்டேருந்து எடுத்துக்கோ."

சமாதானமா, அவமானமா என்று தெரியவில்லை. முகத்துக்கு நேரே பேசுகிறவர் வேண்டும் வேண்டும் என்று நான்தானே தவித்தேன். கிடைத்துவிட்டார். வலிக்கிறது.

பஹ்மன் 19, சனி

பயிற்சிக்கு எல்லாருக்கும் முன்னால் போகிறார். நதிக்கரையில் தனியாக ஓடிவிட்டுப் போகிறார். திரும்பி வந்து குளியல் தொட்டியில் ஐஸ் கொட்டி உட்கார்கிறார். முழங்கால் ரொட்டி மாவு மாதிரி வீங்கியிருக்கிறது. தசைநார் கிழிவதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதில் படங்களும் இருந்தன.

"போதும், விட்டுடுங்களேன்" என்று வாய் தவறிச் சொன்னேன்.

"உபசாரத்துக்குச் சொல்றியா, நிஜமாவா?" என்றார்.

யோசித்தேன். "உபசாரத்துக்குத்தான்."

"அப்ப எண்ணெயை எடுத்துட்டு வா."

பஹ்மன் 25, வெள்ளி

கடைசிப் பத்து நிமிடம் இறங்கினார். ஒரு முறை வழுக்கி விழுந்தார். மேற்குப் பாதியில் விழுந்தார், தொட்டிக்குப் பின்னால். சத்தம் வந்தது, டிவியில் படம் வரவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் வந்தபோது இவர் எழுந்து ஓடிக்கொண்டிருந்தார்.

இஸ்ஃபந்த் 2, வெள்ளி

பெஞ்ச். புத்தாண்டுப் பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டேன். திரைச்சீலைகளைத் துவைத்தேன். இவர் மேல் இருந்த கோபத்தில் துவைத்ததால் பளிச்சென்று இருக்கின்றன. எதற்குக் கோபம்? உழைக்கத்தானே செய்கிறார்? ஜாசிமும்தான் உழைக்கிறான். அவனும் ஒரு அம்மாவின் பிள்ளை. இதை எழுதும்போதே, இவர் குணம் என்னையும் தொற்றிக்கொண்டுவிட்டது என்று தெரிகிறது.

இஸ்ஃபந்த் 9, வெள்ளி

மொட்டை மாடி இன்று நிறைந்துவிட்டது. தலையில் காகிதச் சுருளும் கிண்ணத்தில் விதையுமாக இருபது பெண்கள். பாரான் என் இடுப்பில். கண் படாமலிருக்க அக்கா கருவிதையைத் தணலில் போட்டுப் புகைத்துக்கொண்டிருந்தாள். தொட்டிப் பக்கமும் புகையைக் காட்டினாள்; அந்தப் பாதிக்கும் வேண்டுமாம்.

இடைவேளைக்குப் பிறகு இவர் இறங்கினார். ஜாசிமும் களத்தில் இருந்தான்; கோச் ஹூமனைத்தான் வெளியே எடுத்தார். ஒன்றுக்கு ஒன்று சமநிலை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் நகத்தைக் கடிப்பதைப் பார்த்துப் பாரானும் தன் விரலைக் கடித்துக்கொண்டாள்.

கடைசி நிமிடங்களில் கிழக்குப் பக்கம், கோல் எல்லைக்குச் சற்று வெளியே, எங்களுக்கு ஃப்ரீ கிக். எனக்கு நேர் எதிரே! டிவி தேவையில்லை. இந்தப் பருவம் முழுக்க அதை ஜாசிம்தான் அடிக்கிறான். பந்தைக் கையில் எடுத்து, முத்தமிட்டு, தரையில் வைக்கக் குனிந்தான்.

பெஹ்ரங் நடந்து வந்தார். போய்த் தட்டிக்கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். மாடியில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

குனிந்து, அவன் கையிலிருந்து பந்தைப் பிடுங்கினார்.

பிடுங்கினார்! ஜாசிம் விடவில்லை. ஒரு கணம் இருவரும் பந்தை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஏதோ கத்தினான், இவரும் கத்தினார். இவர் கத்தி நான் பார்த்ததே இல்லை. ஏழு வருஷத்தில் பூனையைக்கூட விரட்டியதில்லை.

"யாரு அது? உன் புருஷனா?" என்றாள் அக்கா, மெதுவாக.

பந்தை வைத்தார். பின்னால் நகர்ந்தார். யாரையும் பார்க்கவில்லை. அடித்தார்.

பந்து தடுப்பைத் தாண்டியது, கம்பத்தையும் தாண்டியது, மைதானச் சுவரையும் தாண்டி அந்தப் பக்கத்துப் பேரீச்சந்தோப்புக்குள் போய் விழுந்தது.

மைதானம் முழுக்க ஊளை. அது அடங்கும்போதுதான் டிவியில் இவர் அடிக்க ஓடி வந்தார்; மாடிப் பெண்கள் மறுபடி ஒரு முறை நம்பிக்கையோடு எழுந்து நின்றார்கள். பந்து மறுபடியும் தோப்புக்குள் போனது.

நான் குதித்துக் குதித்துக் கைதட்டிக்கொண்டிருந்தேன். சாயம் பூசிய அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கோல் விழலம்மா" என்றாள், பரிதாபமாக.

ஆட்டம் சமநிலையிலேயே முடிந்தது. டிவியில் கோச் பேட்டி கொடுத்தார். ஃபர்ஜாத் மொழிபெயர்த்தான், இந்தத் தடவை எதையும் விடாமல்: "மோசமான உதை. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு மோசமான உதையைப் பார்த்ததில்லை. அடுத்த ஆட்டத்துல பெஹ்ரங் முதல் நிமிஷத்துலேருந்து ஆடுவாரு."

யஸ்திலிருந்து மாமியார் தொலைபேசியில் அழைத்தார். ஊரில் தலைகாட்ட முடியவில்லையாம். சின்னப் பையன் கையிலிருந்து பிடுங்குகிறானே, நான் அப்படியா வளர்த்தேன் என்று கேட்டார். உங்கள் மகனிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

பெஹ்ரங் வீட்டுக்கு வந்தபோது நெற்றியில் புல் ஒட்டியிருந்தது. காலணியைக் கழற்றினார். தலை குனிந்து உட்கார்ந்தார். வெட்கப்படுகிறார், இப்போது ஜாசிம் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கக் கிளம்புவார், கூட இனிப்புப் பெட்டியும் கேட்பார் என்று நினைத்து, அலமாரியில் இருக்கிறதா என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஜாசிம் கோபமா இருக்கானா?" என்று கேட்டேன்.

"பயங்கரக் கோபம். பஸ்ஸுல என்கூடப் பேசவே இல்ல." முழங்காலை மெதுவாக நீட்டிப் பார்த்தார். "அடுத்த ஃப்ரீ கிக் தனக்குன்னு ஃபர்ஜாத்கிட்ட சொல்லி அனுப்பினான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதையும் நான்தான் அடிப்பேன்னு சொன்னேன்" என்றார்.